நூற்றுக்கு நூற்று அறுபது

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்திருக்கிறார். ஆள் பார்த்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. நான் அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவன். வாங்கிய சம்பளத்துக்கும் மேலாக நான் சந்தேகப்பட்ட ஒரே ஆள் என் அண்ணன்தான்.

அண்ணன் ஆரணியில் பிறந்தவர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காலமானதால் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி மில்லில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். சூடான கம்பி பட்ட தழும்பு அவருடைய இடது காலில் கடைசிவரை இருந்தது. அந்தக் காலோடு நின்று உழைத்துத்தான் என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பிற்பாடு அவரை மில் வாசலில் டைம் ஆபீசில் உட்கார வைத்தார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று குறிக்கிற இடம் அது.

டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஷிப்டு விவரம் எழுதுகிற கரும்பலகை ஒன்று உண்டு. அதன் மூலையில் ‘100 = 160’ என்று எழுதியிருந்ததை ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன்.

“இன்னாண்ணா இது?”

“ரேட்டு. நம்ம நூறு ரூபா, நேபாளத்துல நூத்தி அறுபது. மில்லுல நேபாளப் பசங்க நெறைய பேரு கீறாங்க இல்ல, அவங்களுக்கு.”

அடுத்த மாதம் போனேன். அதே எண், புதிய சாக்பீசில். ஆறு மாதம் கழித்தும் அதே எண், அதே புதுச் சாக்பீஸ். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. செல்போனில் பழைய வருடங்களையெல்லாம் தோண்டிப் பார்த்தேன். ஒரு காலத்தில் நூற்று நாற்பத்தைந்து, பிறகு நூற்று எழுபது, அப்புறம் அறுபத்தெட்டு, அறுபத்தைந்து என்று ஏறி இறங்கியிருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக நூற்று அறுபதை விட்டு நகரவே இல்லை. நகராத ரேட்டை ஒரு மனிதர் தினமும் எதற்காகப் புதிதாக எழுத வேண்டும்?

வாசலுக்கு எதிரே டீக்கடையில் நேபாளத்துக்குப் பணம் அனுப்பித் தரும் ஏஜென்ட் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரும் அண்ணனும் காரசாரமாகப் பேசிக்கொண்டதை ஒருமுறை பார்த்தேன். பங்கு பிரிப்பதில் தகராறு என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஊருக்குப் போய்வரும் நேபாளத்துக்காரர்கள் அண்ணனுக்குத் தேயிலையும் கம்பளிக் குல்லாயும் கொண்டுவந்து தருவார்கள். கும்மிடிப்பூண்டி வெயிலில் கம்பளிக் குல்லாய்! சும்மா தருவார்களா?

ஒரு தீபாவளியன்று, அண்ணி பரிமாறிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

“அந்தப் பசங்க கைல எவ்ளோ கமிஷன் அடிக்கிற?”

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. “செக்கிங்குக்கு வந்துக்கிறியா? எங்கைல டிக்கெட் இல்லடா. ஃபைன் போட்டுக்கினு போ.”

அதற்கு அப்புறம் அண்ணி என் இலையில் எதுவும் வைக்கவில்லை.

போன வருடம் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே ஒருநாள் என் கையைப் பிடித்தார்.

“மில்லு பக்கம் போனா, போர்டுல எழுதிக்கிறாங்களான்னு பாத்துட்டு வாடா. இல்லன்னா நீ எழுதிடு.”

சாகக் கிடக்கும்போதும் வரும்படிக் கவலையா என்று நினைத்தேன். நான் போகவில்லை. மறுநாள் அவர் கேட்டபோது, “எழுதிக்கிதுண்ணா” என்று சொன்னேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். இப்படியே பத்து நாள் கேட்டார், பத்து நாளும் அதையே சொன்னேன்.

காரியத்தன்று நேபாளத்துக்காரர்கள் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். கொடுத்த பணத்தைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அப்போதும் என் புத்தி போனது. அவர்களில் மூத்தவரான தன்பகதூரைத் தனியே அழைத்து, அந்தப் பலகை விஷயம் என்ன என்று விசாரித்தேன்.

“ரேட்டு எங்களுக்குத் தெரியும் சார். பொறந்ததுல இருந்து தெரியும். ஆனா ஏஜென்ட்டு, பெரிய நோட்டு அங்க செல்லாது, இன்னிக்கு நூத்தி அம்பத்தி ரெண்டுதான்னு சொல்லுவான். பேசினா, உன் பணம் வேணாம், போன்னுவான். பேங்க்ல கேக்குற பேப்பர் எங்ககிட்ட இல்ல. அண்ணன் எழுதினா அது கம்பெனி போர்டு. நாங்க பேச வேணாம், கை காட்டினா போதும். யாரோ அழிக்கும், அண்ணன் மறுபடி எழுதும். தினமும்.”

“அவரு ஆஸ்பத்திரில இருந்தப்போ?”

“போர்டு காலி சார். நூத்தி அம்பத்தி ரெண்டுதான் வாங்கினோம்.”

நான் பரிசோதகன். எத்தனையோ பேரின் பொய்யைப் பிடித்திருக்கிறேன். அந்தப் பத்து நாள் பொய்யை அண்ணன் பிடிக்கவில்லை. என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. அண்ணா, என்னை மன்னித்துவிடு.

ஆஸ்பத்திரியில் இராப்பகலாக உடனிருந்த அண்ணிக்கும், மீஞ்சூரிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த அக்காவுக்கும், வைத்தியம் பார்த்த மருத்துவர், செவிலியர்களுக்கும், காரியத்தன்று பந்தலைப் பிரித்துப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போன அந்தப் பதினைந்து பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டைம் ஆபீசில் இப்போது இருக்கும் தம்பிக்கும் நன்றி. கேட்டால் சாக்பீஸ் எடுத்துத் தருகிறார்.

எழுதியதை அழிக்கிற கை யாருடையது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சந்தேகம் இருக்கிறது. இந்த மலரின் பிரதி ஒன்றை அந்த டீக்கடையிலும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் நான் மில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, என்னோடு வந்த கண்டக்டர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்சில் ஏறியதும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“இன்னா சார், தெனமும் எறங்கி எழுதிக்கினு வர்றீங்க. எதுனா கமிஷனா?”

“ரேட்டு” என்றேன்.