ஆளுக்கு முன்னால் போன பெட்டி

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணி. மணமேல்குடியில் பஸ்ஸை விட்டு நானும் என் மகன் சேகரும் இறங்கினோம். எதிரே மளிகைக்கடை வாசலில் எங்கள் டிரங்குப் பெட்டி. அதன் மேல் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார்!

சேகருக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. முதல் வேலை. அன்று பகல் பன்னிரண்டுக்குள் சேராவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆனால் திங்கட்கிழமை கிழக்கே சூலமாயிற்றே... புதுக்கோட்டையிலிருந்து எப்படிப் புறப்படுவது? அதற்குத்தான் பரஸ்தானம். நல்ல நேரத்தில் பெட்டியை முன்னால் அனுப்பிவிட்டால் ஆளே புறப்பட்ட மாதிரி. நாலு வீடு தள்ளி வைத்தாலே போதும். நான் பயந்த சுபாவம். வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் ஏற்றி, தெரிந்த கடைக்காரருக்கு அனுப்பிவிட்டேன்.

அறந்தாங்கிக்குப் போகிற மாதிரி இலங்கைக்குப் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பாஸ்போர்ட், விசா என்று ஆயிரம் கெடுபிடி. அனுமதியில்லாமல் தோணியேறுகிறவர்களைப் பிடிக்கக் கரையோரமெல்லாம் புதிதாகக் காவல் போட்டிருக்கிறார்கள். ஆளில்லாமல் பெட்டி வந்தால் சந்தேகப்படு என்று உத்தரவாம். எனக்கு எப்படித் தெரியும்?

"யாரு பெட்டின்னு கேட்டாக. பயத்துல தெரியாதுன்னுட்டேன்க்கா," என்றார் கடைக்காரர். நல்ல சிநேகம்!

பெட்டியோடு எங்களையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே சப்-இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திறந்தார். பருப்புப் பொடி, நார்த்தங்காய், முறுக்கு, கம்பளி...

"பள்ளிக்கூடத்துக்கு வர்றவருக்கு இம்புட்டு முறுக்கு எதுக்கும்மா? கடல் தாண்டப் போறவுக கட்டுற கட்டுல்ல இது?"

"பரஸ்தானம்ங்க சார். சூலம் பாத்து..."

"சூலம் பாத்தவுக இந்தக் காவலையும் பாத்திருக்கலாம்ல?"

சேகர் ஆர்டரை நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப தோணிக்காரனே ஆர்டர் அடிச்சுக் குடுக்குறான் தம்பி. ஒங்க ஹெட்மாஸ்டர் வந்து சொல்லட்டும்." சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

பெஞ்சில் ஏற்கெனவே பிடிபட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி பிள்ளைகள் இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில். இவர் இந்தக் கரையில். அவர் சேகரிடம் பரிவாகக் கேட்டார்: "தம்பி, நீ எந்தத் தோணிக்கு வந்தே?"

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "அம்மா, கொஞ்சம் அழாம இரு. நெசமாவே தோணிக்கு வந்தவன்னு நெனைச்சுருவாக," என்றான் சேகர்.

சர்க்கார் ஒரு விதி போடுகிறது. தோணிக்காரனுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. நமக்கோ, பிடித்து உட்கார வைத்த பிறகுதான் தெரிகிறது. இதை எழுதும்போது சிரிக்கிறேன். ஆனாலும் வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் இன்னும் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறேன். தபால்காரராக இருந்தாலும்தான்!

சுவர்க் கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியது. பன்னிரண்டை நெருங்கியது. நான் வேண்டாத தெய்வம் பாக்கியில்லை.

அப்போது மூச்சு வாங்க ஹெட்மாஸ்டர் வந்து சேர்ந்தார். சேகரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்:

"இந்த ஊரை விட்டு ஓடிப்போற வாத்தியாருகளைப் பிடிச்சுக் குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்... உள்ள வந்த ஒருத்தரையா சார் பிடிக்கிறது?"