தொட்டாற்சுருங்கி எந்தத் துறை?

"தம் பாடத்தைச் சார்ந்த பிற பாடத்தில் ஓர் ஆசிரியர் செய்த ஆராய்ச்சியையும் முழுமையாகக் கணக்கில் கொள்ளலாம்" என்று பல்கலைக்கழக விதி தெளிவாகவே சொன்னது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எனக்கு அது மனப்பாடம். எது எதைச் சார்ந்தது என்பதை மட்டும் விதியை எழுதியவர் படிப்பவர் விருப்பத்துக்கு விட்டிருந்தார். படிப்பவர்களை அவருக்குப் பழக்கமில்லை போலும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தாவரவியல் பேராசிரியை, ஆய்வு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நெறியாளர் அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தார். அவருடைய ஆராய்ச்சி முழுவதும் தொட்டாற்சுருங்கியைப் பற்றியது. நரம்பே இல்லாத செடிக்குள் தொட்ட சேதி எப்படி ஓடுகிறது, தொட்டது அதற்கு நினைவிருக்குமா என்பதுதான் கேள்வி. கட்டுரைகளில் பாதி தாவரவியல் இதழ்களிலும் மீதி நரம்பியல் இதழ்களிலும் வந்திருந்தன. தாவரவியல் குழு, நரம்பு தங்களுடையதல்ல என்று கோப்பை விலங்கியல் குழுவுக்கு அனுப்பியது. விலங்கியல் குழு, செடி தங்களுடையதல்ல என்று திருப்பியது. இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான். பாதிப் பாதியாகப் பார்த்தால் எந்தப் பாதியும் அங்கீகாரத்துக்குப் போதாது.

"இந்த ஆனிக்குள்ள ஒரு மாணவியையாவது சேத்தாத்தான் சார், அவ முடிக்கிறவரைக்கும் நான் ரிட்டயர் ஆகாம இருப்பேன். இல்லேன்னா மிச்சத்தைச் செடிகிட்டதான் சொல்லிட்டுப் போகணும்" என்றார் பேராசிரியை.

"அதுக்கு நினைவிருக்கும்னு நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த நினைவூட்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

கடைசியில், யாரும் படிக்காத ஓர் உட்பிரிவைக் காட்டி, ஒருவரை நேரில் அனுப்பிப் பார்க்கும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டேன். ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவரை அனுப்பினார்கள்.

அன்று காலையிலேயே செடித் தொட்டிகளை வராந்தாவில் வரிசையாக வைத்துவிட்டோம். எங்கள் ஊரில் தொட்டாற்சுருங்கியைத் தொடாமல் தாண்டிப் போகிறவர் எவருமில்லை. வந்தவரும் நேராக விரலை நீட்டினார். இலை அசையவில்லை. அடுத்த தொட்டியைத் தொட்டார். அதுவும் விரித்த இலையோடு அப்படியே நின்றது.

"என்னம்மா, செடி தூங்குதா?"

பேராசிரியை என்னைப் பார்த்தார். நான் காப்பி கொண்டுவந்த அலுவலக உதவியாளரைப் பார்த்தேன்.

"தூங்கல்ல சார். காலையில இருந்து ஆபீஸ்ல எல்லாரும் மாத்தி மாத்தித் தொட்டுப் பாத்தோம், ஒழுங்கா வேலை செய்யுதான்னு. பிரின்சிபால் ஐயாகூடத் தொட்டாவ. மொதல்ல நல்லாத்தான் சுருங்குச்சு."

"ஏன்வே, அதென்ன டைப்ரைட்டரா, தட்டித் தட்டிப் பாக்கதுக்கு? பாவம், களைச்சுப் போச்சு" என்று வந்தவர் பேனாவை மூடினார்.

அந்த மூடிச் சத்தம் கேட்டதும் பேராசிரியைக்குத் தெளிவு வந்தது. "களைச்சிருந்தா எதுக்குமே சுருங்காது சார். உங்ககிட்ட தீப்பெட்டி இருக்கா?"

இருந்தது. பேராசிரியை ஒரு குச்சியைக் கிழித்து ஓர் இலையின் நுனியில் காட்டினார். நுனியிலிருந்து ஜோடி ஜோடியாக மடிந்துகொண்டே வந்தது. காம்பு தொங்கியது. நெருப்பே படாத பக்கத்து இலையும் மடிந்தது.

"விரலால ஒண்ணும் ஆகாதுன்னு காலையிலேயே தெரிஞ்சுக்கிட்டுது. நெருப்பு அதுக்குப் புதுசு. என் கட்டுரையெல்லாம் இதைப் பத்தித்தான் சார்."

வந்தவர் குனிந்து பார்த்தார். "இதே மாதிரி ஒரு நத்தையும் கத்துக்கிடும்னு காட்டதுக்கு என் பாதி வயசு போச்சும்மா" என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். உதவியாளர் மட்டும் தாங்கள் தொட்டதால்தான் காரியம் நடந்தது என்று மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யுமில்லை.

அறிக்கை உடனே போய்விட்டது. பதில் வரவில்லை. ஆனி பிறந்தது. நான் வாரம் தவறாமல் நினைவூட்டு அனுப்பினேன். பேராசிரியை வாரம் தவறாமல் அலுவலக வாசல் வரை வந்து போனார்.

ஆனியில் ஓடும் நெல்லையப்பர் தேருக்கு எங்களுக்கு உள்ளூர் விடுமுறை. அஞ்சல் துறை மத்திய அரசு; அதற்குத் தேரும் கிடையாது, விடுமுறையும் கிடையாது. கூட்டத்துக்கு அஞ்சி நான் காலி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருந்தார். அப்போதுதான் பதிவுத் தபால் வந்தது.

"கை ஈரமா இருக்கு, நீங்களே படிங்க சார்."

தாவரவியலில், நரம்பியலைச் சார்புப் பாடமாகக் கொண்டு, நெறியாளராக அங்கீகரிக்கப்படுகிறார் என்று படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"வந்த தேதியைப் போட்டுருங்க சார். பெறகு லேட்டுன்னு சொல்லிரப் போறாங்க."

விடுமுறை நாளில் முத்திரை குத்த விதி இல்லை. பேனாவால் எழுதினேன்: ஆனித் தேரோட்டத்தன்று, முற்பகல்.