இரண்டு மணி பஸ்ஸின் சைபர்

எங்கள் பஸ் கம்பெனி ஆபீசில் அவருக்குப் பெயர் சைபர். பயணிகள் கணக்கை மணிவாரியாகக் கோட்டுப் படமாகப் போடுவது அவர் வேலை. நான் பக்கத்து மேஜை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவர்.

விஷயம் இதுதான். டிக்கெட் விற்றால்தான் பஸ்ஸில் இருக்கும் மெஷின் கணக்கு அனுப்பும். விற்காத நேரத்துக்கு ஒன்றுமே வராது. கம்ப்யூட்டரோ அந்த ஓட்டையைக் கண்டுகொள்ளாமல், ஒரு மணிப் புள்ளியையும் நாலு மணிப் புள்ளியையும் நேராக இழுத்துச் சேர்த்துவிடும். பார்க்கிறவர்களுக்கு நடுவிலும் ஆள் ஏறியதாகத் தெரியும்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை சார் இது. ஆள் இல்லைன்னா கோடு தரையைத் தொடணும்" என்று மேனேஜரிடம் வருஷக்கணக்காக முட்டி மோதினார்.

மேனேஜர் அலுத்தே போனார். "சரிய்யா, காலியா இருக்கிற மணிக்கெல்லாம் சைபர் போடு. என்னை விட்டுடு."

ஒவ்வொரு தடமாகத் திருத்திக்கொண்டே வந்தவர், மூடிப்போன மில் பக்கம் போகும் தடத்தில் நின்றுவிட்டார். அதில் இரண்டு மணி பஸ்ஸில் டிக்கெட் வாங்க ஒருவரும் இல்லை. ஏறுவது இவர் மட்டும்தான், அதுவும் ஆபீஸ் பாஸில். பாஸ் கணக்கில் சேராது. மனைவி இறந்துவிட்டார், மகள் கடல் தாண்டி இருக்கிறாள். காலை ஷிஃப்ட் முடிந்து, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவதுதான் அவருடைய அன்றாடப் பேச்சு மொத்தமும். அந்த டிரைவரின் மாமியார் சண்டைகூட இவருக்கு அத்துப்படி. எங்களிடம் கணக்கைத் தவிர வேறு பேச வாய் வராது.

"அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க சார். சைபர் போட்டா பஸ்ஸையே நிறுத்திடுவாங்க. விட்டா யாரு பார்க்கப் போறா?" என்றேன்.

"ஊருக்கு ஒரு கோடு, எனக்கு ஒரு கோடாப்பா?"

வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு போட்டார். கோடு பொத்தென்று விழுந்து, அடியோடு ஊர்ந்து, நாலு மணிக்குத்தான் எழுந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ளும் மனிதரை என்ன செய்வது?

அடுத்த மாதமே அந்த பஸ்ஸை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. டிரைவரை வேறு தடத்துக்கு மாற்றினார்கள். கடைசி நாள் சைபரைத் தனியாக அனுப்ப மனசு கேட்காமல் நானும் ஏறினேன்.

"ஆபீஸ்ல எவனோ படம் போட்டானாம் அண்ணே, இந்த பஸ்ல ஆளே இல்லைன்னு" என்று டிரைவர் பொருமினார். "தினம் நீங்க வர்றீங்களே, அது அவன் கண்ணுல படலையா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"படம் போட்டது நான்தான் தம்பி" என்றார் சைபர். "நான் ஏறுறது மெஷினுக்குத் தெரியாது."

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுமேண்ணே."