சர்க்கார் வக்கீலுக்குச் சாட்சி சொன்னவர்கள்

ஜில்லாவின் சர்க்கார் வக்கீல் உத்தியோகத்துக்கு என் வீட்டுக்காரர் பெயரைச் சிபாரிசு செய்தாலும் செய்தார்கள், பாளையங்கோட்டைக் கோர்ட்டு வக்கீல்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். டவுணில் குடியிருப்பவர்கள் இவர் பக்கம், பாளையங்கோட்டையில் குடியிருப்பவர்கள் எதிர்ப்பக்கம். ஒரே வெற்றிலைப் பெட்டியில் கை போட்டவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எதிர்க்கட்சி கலெக்டருக்கு மனுப் போட்டது. கொலைக் கேஸில் ஆட்களைத் தப்பவைத்தே பழகியவருக்கு, ஒருவனையாவது உள்ளே தள்ளத் தகுதி உண்டா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! இவருக்கோ சோறு இறங்கவில்லை. அந்த உத்தியோகத்தின் மேல் அத்தனை ஆசை.

"ஏட்டி, இது கைய விட்டுப் போச்சுன்னா, கோர்ட்டுப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்" என்றார்.

டவுண் கட்சி சும்மா இருக்குமா? வக்கீல் புத்தி, எதற்கும் சாட்சி வேண்டுமே! இவரால் விடுதலையானவர்களை ஊர் ஊராகப் போய்க் கூட்டிவந்து, வெளுத்த வேட்டி கட்டவைத்து, கலெக்டர் பங்களா வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். கூடப் போன எங்கள் குமாஸ்தாதான் வந்து கதையைச் சொன்னார். கலெக்டர் துரை வெளியே வந்து, இவர் கெட்டிக்கார வக்கீலா என்று கேட்டாராம். களக்காட்டு ஆள் ஒருவன் முன்னால் வந்து கும்பிட்டானாம்.

"என்ன தொரை இப்பிடிக் கேக்கிய? நான் பட்டப்பகல்ல, சந்தையில வச்சு வெட்டுனேன். அதுக்கே என்னைய வெளிய கொண்டாந்துட்டாவ!"

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அடுக்களைக்குள் ஓடி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பாவம்தான், ஆனாலும் அடக்க முடியவில்லை.

உத்தியோகம் கிடைத்துவிட்டது! இந்த மனுஷனை எதிர்த்தரப்பில் விட்டுவைத்தால் ஜெயிலுக்கு ஆளே தேறாது என்று துரை சொன்னாராம்.

உத்தரவு வந்த அன்று களக்காட்டுக்காரன் வாழைத்தாரோடு வந்து நின்றான். ஐயா இனிமேல் சர்க்கார் பக்கம்தான் பேசுவார் என்று குமாஸ்தா விளக்கினார். அவன் முகம் தொங்கிப்போய்விட்டது.

"அப்போ இனிமே நான் எவனையாவது வெட்டுனா?"

"நான்தாம்லே உன்னைய உள்ள தள்ளுவேன்" என்றார் இவர்.

அவன் தாரை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான்.

"வாய்க்காத் தகராறுல ஒருத்தனப் பாத்து வச்சிருந்தேன், ஐயா. சரி, பொழைச்சுப் போறான்" என்று தாரை இறக்கிவைத்துவிட்டுப் போனான்.

சர்க்கார் வக்கீலாகக் கோர்ட்டுப் படி ஏறுமுன்பே ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டார். தகுதி இல்லையாம், தகுதி!