மாலை யாருக்கு?

ஜார்ஜ்டவுனில் எனக்குப் பூக்கடை. மாலை கேட்டு வருகிறவர்களிடம், யாருக்கு என்று முதலில் கேட்பது என் வழக்கம். சாமிக்குக் கட்டுவது வேறு, சாவுக்குக் கட்டுவது வேறு. கார்டு மெஷின் வந்த புதிதில், அதன்மேல் இருந்த மோகத்தில், ஒருநாள் கேட்க மறந்தேன்.

ஓர் அக்கா பெரிய ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு கார்டை நீட்டினார். செருகினேன்.

"பின் நம்பர் அமுக்குங்கக்கா."

"தெரியலயே தம்பி. எங்க வீட்டுக்காரரு கார்டு. அவருதான் அமுக்குவாரு."

பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். எனக்கு எரிச்சல்.

"அப்ப அவருதான் வரணும்லா. போன் போட்டுக் கூப்பிடுங்க!" என்றேன் சத்தமாக.

அவர் மாலையைத் தடவினார்.

"இது அவருக்குத்தான் தம்பி."

காசு வாங்காமல் மாலையைக் கொடுத்தனுப்பினேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போதும் யாராவது எண்களை அமுக்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். நம்பரைப் பார்க்காத நாகரிகம் என்று நினைக்கிறார்கள்.