எதிர்க்கடைப் பலகையின் கடைசி வரி

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிற யாரும் தனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பேப்பரில் மையைக் குறைத்துவிட்டார்கள் என்பார்கள். டிவி பழசாகிவிட்டது என்பார்கள். காரைக்காலில் தெருவிளக்கே சரியில்லை என்பார்கள். பத்தொன்பது வருடமாக இதையெல்லாம் என் மைனஸ் ஏழு கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடுவதற்கே இன்னொரு கண்ணாடி தேவைப்படுகிற என் இனத்தாரே, இது உங்களுக்காக.

மனப்பாடம்

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் அரசலாற்றில் கட்டிக் கிடக்கும். பல் பிடுங்குவது, பிள்ளைக்குக் காது குத்துவது, கண் பார்ப்பது எல்லாவற்றையும் மீனவக் குடும்பத்தார் அந்த இரண்டு மாதத்துக்குத்தான் ஒதுக்கிவைத்திருப்பார்கள். அப்படித்தான் கிளிஞ்சல்மேட்டிலிருந்து செல்வமணியை அவர் மனைவி தேன்மொழி அழைத்து வந்தார். செல்வமணி விசைப்படகு டிரைவர். தன் கண்ணில் ஒரு குறையும் இல்லை, இவள்தான் விடமாட்டேன் என்கிறாள் என்றார். போன வாரம் நாகப்பட்டினம் பஸ் என்று மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறி, பொறையாரில் இறங்கித் திரும்பி வந்த மனிதர் இவர் என்று தேன்மொழி எங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகைக்கு விளக்கைப் போட்டேன். மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆங்கில எழுத்துகளைத் தடங்கலே இல்லாமல் ஒப்பித்தார். ஒரு பிழை கிடையாது. சங்கடம் என்னவென்றால், அன்று காலைதான் ஆங்கிலப் பலகையைக் கழற்றிவிட்டுத் தமிழ்ப் பலகையை மாட்டியிருந்தேன். பிரேம் பொருத்துகிற எங்கள் ஜுலைகாவுக்குத்தான் ஞாபகம் வந்தது: முந்தின நாள் இதே ஆள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணையாக வந்து, அவர் மூன்று முறை படித்ததையும் மூலையில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். பலகை மாறிய விஷயத்தைச் சொன்னேன். செல்வமணி கழுத்தை நீட்டி வெகுநேரம் பார்த்துவிட்டு, யாரோ ஏமாற்றிவிட்ட குரலில் சொன்னார்:

"நேத்து இது இல்லீங்களே சார்."

சுக்கான்

இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டே முக்கால். என் இனத்தில் இதெல்லாம் குழந்தை. ஆனால் கண்ணாடி என்றதும் செல்வமணி எழுந்து நின்றுவிட்டார். கண்ணுக்குள்ளேயே வைக்கிற கான்டாக்ட் லென்ஸ் என்றால் சரி, மூக்கில் மட்டும் எதுவும் இருக்கக்கூடாது. படகு தேன்மொழியின் அண்ணன் கோவிந்தனுடையது. கண்ணாடி போட்ட ஆளிடம் மச்சான் படகைக் கொடுக்கமாட்டார். ஓர் அலை அடித்துக் கண்ணாடி போய்விட்டால் படகுக்கே கண் போய்விட்டது என்பது அவர் கட்சி.

தேன்மொழி பிரேம் பார்க்கப் போன சமயம், குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். கடலுக்குள் ஜிபிஎஸ் இருக்கிறது, கவலையில்லை. ஆற்று முகத்துவாரத்தில் நுழையும்போதுதான் மணல்திட்டைக் கண்ணால் பார்த்து ஒதுக்க வேண்டும். போன சீசனில் ஒருநாள் திட்டை உரசிக்கொண்டு வந்துவிட்டார். படகில் அவரோடு ஏழு பேர். நீரோட்டம் இழுத்துவிட்டது என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். அவர் மட்டும் நம்பவில்லை. கண் இல்லாமல் ஓட்டவும் பயம், கண்ணாடி போட்டு சுக்கானை இழக்கவும் பயம். கண்ணாடி போடுவதில் அவமானம் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தேன். என்னை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"கண்ணாடி போட்ட டிரைவர எங்க பக்கம் நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

பாயசம்

லென்ஸ் அவ்வளவு நல்லதென்றால் நீங்கள் ஏன் போடவில்லை என்று எல்லா வாடிக்கையாளரும் என்னைக் கேட்பதுண்டு. செல்வமணியும் கேட்டார். போட்டேன் ஐயா, பதினோரு நாள் போட்டேன். அந்தப் பதினோரு நாளும் இல்லாத கண்ணாடியை விரலால் மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். என் இனத்தாருக்கு இது புரியும்.

பதினோராம் நாள் திருநள்ளாறில் ஒரு கல்யாணம். பந்தியில் குனிந்தபோது வலது கண் லென்ஸ் இலையில் விழுந்துவிட்டது. அப்பளத்துக்கும் அவியலுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. தொடவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. ஒற்றைக் கண்ணால் இலையையே முறைத்துக்கொண்டிருந்தேன். பரிமாற வந்தவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, நான் கை நீட்டித் தடுப்பதற்குள் இரண்டு கரண்டி பாயசத்தை நடு இலையில் ஊற்றிவிட்டார். பக்கத்து இலைக்கு நகர்ந்தவர் திரும்பி அன்போடு சொன்னார்:

"வேணும்னா கூச்சப்படாம கேளுங்க, இப்படி இலையையே பார்த்துக்கிட்டு இருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாலு பாகம்

கண் மருத்துவரிடம் காட்டி, செல்வமணிக்கு லென்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூடவே ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். லென்ஸை ஊறவைக்கிற திரவம் அடிப்படையில் உப்புத் தண்ணீர்தான், கண்ணீரும் உப்புத் தண்ணீர்தான், அதனால்தான் கண் அதை அந்நியமாக நினைப்பதில்லை என்று விளக்கினேன். இந்தப் பாட்டிலில் இருப்பதைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்பதைக் கடைசியில் சொன்னேன். கடைசி வரை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் கண் செவசெவவென்று வந்து நின்றார். பாட்டில் கவிழ்ந்துவிட்டதாம். அதற்காக அவர் கடைக்கு வரவில்லை. வீட்டு வாசலிலிருந்து நூறடியில் வங்காள விரிகுடா இருக்கும்போது உப்புத் தண்ணீருக்காகக் காரைக்காலுக்கு ஏன் பஸ் ஏற வேண்டும்? உடனே மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, சொட்டு மருந்தோடு போயிற்று. ஆனால் இனி லென்ஸ் வேண்டவே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தடைக்காலம் முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. வழியெல்லாம் கடல் தண்ணீரில் உள்ள கிருமிகளைப் பற்றி நான் சொல்லிக்கொண்டே வந்தேன். செல்வமணிக்குக் கண்வலியைவிட அதுதான் வலித்திருக்க வேண்டும். சின்ன பைபர் படகில் போய், கை இரண்டையும் விரித்த நீளம் ஒரு பாகம் என்கிற கணக்கில் ஆழம் பார்த்து அள்ளிவந்தவர் அல்லவா.

"கரையோரத் தண்ணி இல்லீங்க சார், நாலு பாகத்துல எடுத்தது. கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

படகின் கண்ணாடி

ஐந்து நாள் கழித்துக் கண் தெளிந்தது, முகம் தெளியவில்லை. மச்சானிடம் சொல்லிவிடலாம் என்று தேன்மொழி, வேண்டாம் என்று இவர். நான் படகைப் பற்றிக் கேட்டேன். கேபினுக்கு முன்னால் கண்ணாடி உண்டா? உண்டு. அலை தெறித்தால்? துடைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் படகே கண்ணாடி போட்டுக்கொண்டுதானே கடலுக்குப் போகிறது என்றேன். என் தர்க்கங்களில் எப்போதாவது ஒன்று வேலை செய்யும். அவர் ஒரு பிளாஸ்டிக் பிரேமை எடுத்துக்கொண்டார்.

விழாமல் இருக்க நான் ஒரு கயிறு காட்டினேன். அவர் அதை இழுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். மறுநாள் வலை நூலை அவரே முறுக்கிப் பின்னிக்கொண்டு வந்து, இரண்டு காதுக்கம்பியிலும் என்னமோ ஒரு முடிச்சுப் போட்டுத் தலைக்குப் பின்னால் இறுக்கினார். ஜுலைகா பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இனிமே தலை கழண்டாத்தான் கண்ணாடி கழலும் சார்."

கடைசி வரி

தேன்மொழி அண்ணனிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. தடைக்காலம் முடிய ஒருநாள் இருக்கும்போது கோவிந்தனே கடைக்கு வந்துவிட்டார், தங்கையையும் அவள் கணவரையும் பின்னால் நடக்கவிட்டு. எனக்கு வணக்கம்கூட வைக்கவில்லை. மாப்பிள்ளையை வாசலில் நிறுத்தி, எதிர்ப்பக்க மருந்துக்கடைப் பலகையைக் காட்டினார். கடைசி வரியில் போன் நம்பர் இருக்கிறது, பொடி எழுத்து. அதைப் படித்தால் சுக்கான், இல்லையென்றால் நாளை வேறு டிரைவர். தேன்மொழி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். ரோட்டில் ஒரு லாரி போய் மறைத்து விலகியது. செல்வமணி நூலை ஒருமுறை இறுக்கிக்கொண்டு, பத்து எண்களையும் நிதானமாகப் படித்தார்.

கோவிந்தன் பலகையைப் பார்த்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒரு படி இறங்கிப் பார்த்தார். பிறகு தலையைப் பெரிதாக ஆட்டிவிட்டு உள்ளே வந்து, ஜுலைகாவின் மேசைப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அவன் படிச்சது சரிதானாம்மா?" ஜுலைகா சிரிக்கவில்லை. சரிதான் அண்ணே என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் துடைத்து அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

அடுத்த நாள் படகு போயிற்று, செல்வமணிதான் ஓட்டினார். மைனஸ் மூன்றில் செய்த தன் கண்ணாடியை வாங்க கோவிந்தன் அடுத்த வாரம் வந்தார். போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், எதிரே வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க, அந்த மருந்துக்கடைக்காரர்தான் எழுத்தை ரொம்பப் பொடியா எழுதிப்புட்டார்."

பத்தொன்பது வருடத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: ஒருவருக்குப் பார்வை மங்கினால், அது கடைசியாகத் தெரியவருவது அவருக்குத்தான்.