வெட்டாமல் விட்ட ராணி

பிரம்மநாயகம் அண்ணாச்சி தாராவியில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை வைத்திருந்தவர். ஞாயிறு மதியம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இருந்த செஸ் கிளப்புக்குப் போவார். பெரும்பாலும் தோற்பார். வீட்டில் கோப்பை எதுவும் கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆட்டம்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கிளப்பிலேயே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த சுந்தரராமனை அதில் தோற்கடித்தார். ராணியைக் கொண்டுபோய் எதிராளி ராஜாவின் பக்கத்திலேயே வைத்தார். வெட்டிக்கொள் என்று கொடுப்பது மாதிரி. சுந்தரராமன் வெட்டவில்லை. கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துவிட்டுக் கை கொடுத்து எழுந்தார். அண்ணாச்சியைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதை தெரியும்.

சென்ற மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு மட்டும் பாதிக்கப்படாமல் தப்பித்தது. திலக் நகரில் மகள் கலைச்செல்வி வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து நான் இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. முதல் நாளே கவனித்தேன். தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றார். இடது பாதி அப்படியே கிடந்தது. கண்ணில் கோளாறு இல்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தட்டைத் திருப்பி வைப்பேன், மிச்சத்தையும் சாப்பிடுவார். இடப்பக்கம் நின்றுதான் பேசுவேன், தலையைத் திருப்பட்டும் என்று.

அக்டோபரில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. ஐம்பதாவது ஆண்டு மலர் போடுகிறார்கள். உங்கள் அந்த ஆட்டத்துக்கு நீங்களே விளக்கம் எழுதித் தரவேண்டும். டிசம்பரில் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு போட்டியும் உண்டு. அண்ணாச்சி அன்றைக்கே போனில் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்.

ஆட்டத்தை எழுதிய பழைய தாள் இருந்தது. நான் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காயை நகர்த்துவேன். அவர் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவேன். மூன்று நாள் நன்றாகப் போனது. நாலாம் நாள் ராணியைக் கொடுக்கும் இடத்துக்கு வந்தோம். வெள்ளை ராணியை எடுத்து எடுத்து வைத்தார். டீ ஆறிப்போனது.

"தாயி, சுந்தரராமன் ராணிய வெட்டியிருந்தா?"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி."

"வெட்டுறாரு. நான் யானையால செக் வைக்கேன். ராஜா பழைய கட்டத்துக்கே போயிருதாரு. அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு? ராணி போச்சு. ஆட்டமும் போச்சு."

மறுபடி மறுபடி அதையே செய்துபார்த்தார். ராஜா ஒவ்வொரு முறையும் தப்பித்தார்.

சாப்பிடவும் பிடிக்கவில்லை. பேத்தி ஷ்ருதி காலேஜிலிருந்து வந்ததும், "தாத்தா, மொபைல்ல போட்டா ஏக் செகண்ட்ல சொல்லிடும்" என்றாள்.

"தோத்த மனுஷன் உசிரோட இருக்கும்போது மெஷின்ட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றார். அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "முப்பத்திரண்டு வருஷமா ஒருத்தன் கண்ணுலயும் படாத ஓட்டை எனக்கு இப்பத் தெரியுது. ஒண்ணு, அந்த ஆட்டம் ஓட்டை. இல்லன்னா என் மண்டை ஓட்டை. ஆட்டமா இருந்துட்டுப் போகட்டும் தாயி. மண்டையா இருந்தா நான் டிசம்பர்ல போயி உக்காரக் கூடாது."

சுந்தரராமனுக்கு நானே போன் செய்தேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. கிங்ஸ் சர்க்கிளில் லோக்கல் ரயில் பிடித்து வடாலாவில் மாறி, குடையை ஊன்றிக்கொண்டு சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தார்.

"என்ன ஓய் பிரம்மம், பாதியா இளைச்சுட்டீர்?"

"மாட்டுங்கா நெய் தோசை எனக்கு யாரு கொண்டு தாரா? உக்காரும்வே."

"உட்கார்றேன். ஆனா அந்தப் பக்கம் இல்லை. அன்னிக்கு நீர் பாக்கி வச்சுட்டுப் போனீரே, மாறி உட்கார்றது? இன்னிக்கு முடிச்சுடுவோம்."

அந்த கிளப்பில் ஒரு வழக்கம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் தோற்றவரின் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய காய்களை வைத்துக்கொண்டு, ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். அன்றைக்கு அண்ணாச்சி சந்தோஷத்தில் அப்படியே எழுந்து கடைக்கு ஓடிவிட்டார், எல்லோரிடமும் சொல்ல.

"பத்து நிமிஷம் நான் ஒத்தையா உட்கார்ந்திருந்தேன், தெரியுமா?"

"தெரியும். தப்புதான்" என்றார் அண்ணாச்சி.

சக்கர நாற்காலியைச் சுற்றிக் கொண்டுபோய்க் கறுப்புப் பக்கம் நிறுத்தினேன். ராணியைக் கொடுக்கும் இடம்வரை காய்களை வைத்தேன். சுந்தரராமன் அந்த ராணியை நகர்த்தினார். அண்ணாச்சி வலது கையால் ராஜாவை எடுத்து ராணியை வெட்டினார். சுந்தரராமன் யானையால் செக் வைத்தார்.

"இப்ப ராஜா பழைய கட்டத்துக்கு..." என்று கையைத் தூக்கியவர் நிறுத்திவிட்டார். "இது எப்படி இங்க வந்துச்சு?"

பலகையின் வலது ஓரத்தில் ஒரு வெள்ளை ஒட்டகம் நின்றது. தமிழ்நாட்டில் மந்திரி என்பார்கள். பம்பாயில் அது ஒட்டகம். நடுவில் நின்ற யானை செக் வைக்க நகர்ந்ததும், அது மூலைவாட்டில் நேராக அந்தப் பழைய கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ராஜா அங்கே போக முடியாது.

"முதல்லேர்ந்தே அங்கதான் ஓய் இருக்கு. அதைப் பார்த்துத்தானே நான் கை கொடுத்தேன்?"

அண்ணாச்சி பலகையை உற்றுப் பார்த்தார். "சரி, ஒட்டகம் இருக்கு. யானை எங்கவே? எடுத்துட்டீரா?"

யானை இருந்தது. இப்போது அவருடைய இடது ஓரத்தில். சற்று முன் செக் வைத்த அதே யானை. சுந்தரராமன் ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

நான் பலகையை அரைவட்டம் திருப்பினேன்.

"யானை வந்துட்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒட்டகத்தக் காணோம்" என்றார்.

தட்டைத் தினமும் மூன்று வேளை திருப்புகிறவள் நான். பலகைக்கும் அதுதான் என்று எனக்கு ஒரு வாரமாகத் தோன்றவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். கலைச்செல்வி சமையலறை வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப மண்டைதான்" என்றார் அண்ணாச்சி.

"புத்தி சரியாத்தான் இருக்கு. இடப்பக்கம்தான் வரல."

"திரும்ப வருமா?"

பொய் சொல்வது இந்த வேலையில் உதவாது. "வாறதுல பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல வந்துரும். உங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு. பழக்கினா இன்னும் கொஞ்சம் வரும். முழுசா வரும்னு நான் சொல்லமாட்டேன்."

அவர் தலையாட்டினார். பிறகு சுந்தரராமனைப் பார்த்து, "நீர் அன்னிக்கு வெட்டாம எந்திரிச்சது சரிதான்வே. நல்ல ஆட்டம்தான், இல்ல?"

"நல்ல ஆட்டம்தான் ஓய். எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்லை."

அன்று மதியமே விளக்கத்தை முடித்தோம். பலகையைத் திருப்பித் திருப்பி வைத்தேன். இரண்டு பக்கமும் பார்த்துச் சொன்னார், எழுதினேன். கடைசி வரிகள் இவை: "ராணியை வெட்டினால் யானையின் செக்கோடு ஆட்டம் முடிகிறது. வெட்டாமல் ஒப்புக்கொண்ட சுந்தரராமனின் முடிவே சரி. எனக்கு இப்போது பலகையின் இடது பாதி தெரிவதில்லை. இதை அவர் உதவியோடு சரிபார்த்தேன்."

"அந்த இடது பாதி வரி எதுக்குப்பா?" என்று கலைச்செல்வி கேட்டார்.

"இருக்கட்டும்மா. படிக்கிறவன் தெரிஞ்சுக்கிடட்டும்."

திங்கட்கிழமை கிளப்புக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். டிசம்பர் போட்டியிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அவர்கள் வற்புறுத்தினார்கள் போலிருக்கிறது. "இல்ல, பாதிப் பலகை தெரியாம ஆடுனா எதிர்ல உக்காந்தவருக்கு அது மரியாதை இல்ல" என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. போனை என்னிடம் நீட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய இடது கையை என் மடியில் எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தேன். அது பதினோரு மணிப் பயிற்சி.

"இப்ப எந்த விரல்?" என்று கேட்டேன்.

அவர் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார்.